ஓடாத பதினைந்து லிட்டர்

அன்புள்ள மாப்பிள்ளை குமரேசா,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபப்படுகிறேன். நேற்றுக் காலை விசாரணை அதிகாரி பெங்களூரிலிருந்து தொலைபேசியில் சொன்னது இது. உன் விமானத்தின் இரண்டு இறக்கைத் தொட்டிகளிலும் சேர்த்து மிஞ்சிக் கிடந்த பெட்ரோல் பதினைந்து லிட்டர். அதே வகை விமானம் ஒன்றின் தொட்டிகளைச் சொட்டில்லாமல் வடித்து, அதே அளவு ஊற்றி, உன் இருக்கைக்குப் பின்னால் கிடந்த அளவுக்குச்சியை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். குச்சி பதினைந்து என்றது. விமானத்தைத் தயாரித்தவர்களின் கையேடு அந்தப் பதினைந்தைப் பூஜ்யம் என்கிறது.

அதிகாரி தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். போடவில்லை. சொன்னதை மட்டும் திரும்ப வாசித்துக் காட்டினேன். "சரிதான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

இந்தச் சில வரிகளுக்காகத்தான் ஆடியிலிருந்து காத்திருந்தேன். போனை வைத்ததும் உன் அக்காவிடம் சொன்னேன். சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அப்ப இத முதல் பக்கத்துல போடுவாங்களா?" என்று கேட்டாள். 

நீ போன நாளிலிருந்து மைசூரில் உன்னைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள், உன் முதலாளி. முதல் நாள் சாயங்காலம் நிருபர்களிடம், "பெட்ரோலே போடாமல் கிளம்பி வந்திருக்கிறான்" என்றார். மறுநாள் காவல்துறை தொட்டியைத் திறந்து பார்த்தது, உள்ளே பெட்ரோல் இருந்தது. உடனே கதை மாறியது. "பெட்ரோல் இருந்திருக்கிறது. இருந்தும் இன்ஜின் நின்றிருக்கிறது. எந்த வால்வைத் திருப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை."

முந்தைய நாள் சொன்னது என்ன ஆயிற்று என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நான் அங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில், உன்னுடைய கைக்கடிகாரத்தையும் பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பத்திரிகையும் போட்டது, மாப்பிள்ளை. நான் சம்பளம் வாங்கும் பத்திரிகை. உன் முதலாளியின் அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம், பெங்களூரில் அப்படியே எழுதிக்கொண்டார்களாம். "தொட்டியில் பெட்ரோல் இருந்தும் விழுந்த விமானம்: விமானியின் கவனக்குறைவா?" அந்தக் கேள்விக்குறி வக்கீல் நோட்டீஸுக்குப் பிடிக்கும் குடை. படிக்கிறவன் கண்ணில் அது படவே படாது. டீக்கடையில் அதைப் படித்தவர்கள் "கவனக்குறைவாம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று கேட்டேன்.

செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டேன். "உங்கள் மைத்துனர் என்று தெரியாது, மன்னிக்கணும்" என்றார். என் மைத்துனன் என்பதா பிரச்சினை? யாருடைய மைத்துனனாக இருந்தாலும் ஒரு போன் செய்து, தொட்டியில் பெட்ரோல் இருந்தால் இன்ஜினுக்குப் போகும் என்று யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டாமா?

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விசாரணை அதிகாரி. நீ போன முதல் வாரத்திலேயே, உன் உடல்நிலை, தூக்கம், பழக்கவழக்கம் எல்லாம் விசாரிக்க தேவராஜ மொஹல்லாவில் இருக்கும் நம் மாடி வீட்டுக்கு வந்தார். குடிப்பாரா என்று கேட்டார். "மோர் குடிப்பான்" என்றாள் சரோஜா. அவர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

கிளம்புகிற நேரத்தில், நிருபன் புத்தியால், ஒன்று கேட்டேன். பெட்ரோல் இருந்தும் இன்ஜின் எப்படி நிற்கும்? அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். சின்ன விமானத்தின் தொட்டி இறக்கைக்குள் தட்டையாக, பரந்து கிடக்கும். பெட்ரோல் வெளியேறும் வாய் ஓர் இடத்தில்தான் இருக்கும். மூக்கைத் தூக்கி ஏறும்போதும், ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போதும் அடியில் இருக்கிற பெட்ரோல் ஒரு மூலைக்கு ஓடிப்போகும். வாய் காற்றை உறிஞ்சும். எந்த நிலையில் பறந்தாலும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடிகிற பெட்ரோல் ஒரு கணக்கு. தொட்டிக்குள் கிடக்கிற மொத்தப் பெட்ரோல் வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை யாரும் நம்பிப் பறக்கக் கூடாது. கையேட்டில் அதற்குத் தனி வரி உண்டு.

சரோஜா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம மாடித் தொட்டி மாதிரிங்களா?" என்றாள். "குழாய அடியில வெக்காம ஒரு சாண் தூக்கி வெச்சிருக்குது. தண்ணி அதுக்குக் கீழ போயிட்டா கீழ வராது. நான் மேல ஏறி மொண்டுட்டு வருவேன்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான் அம்மா. விமானத்தில் மேலே ஏறி மொள்ள ஆள் கிடையாது."

உன் காரியத்தன்றைக்கு உன் முதலாளி வந்தார். அதைச் சொல்கிறேன் கேள், நீ இருந்திருந்தால் அக்காவைக் கெஞ்சி உள்ளே அனுப்பியிருப்பாய்.

வெள்ளை வேட்டி, கூட இரண்டு ஆட்கள், கையில் ரோஜா மாலை. ஹனூரிலிருந்து வந்திருந்த உன் பங்காளிகள் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய லாரிகள் சேலம், ஈரோடு என்று போகிறவை. தமிழ் நன்றாகவே புரியும், பேசுவது கன்னடத்தில். நல்ல பையன், மரியாதையான பையன் என்றார். "பெட்ரோல் இருந்ததம்மா. போலீஸே அளந்து பார்த்தார்கள். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் நேரம்" என்றார்.

சரோஜா உள்ளே போனாள். ஒரு பித்தளைத் தம்ளரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடிக்கப் போனார். தம்ளர் காலி.

"குழாய் அங்க இருக்குதுங்க" என்று முற்றத்தைக் காட்டினாள். "போயிப் புடிச்சுக் குடிங்க."

அன்று கார்ப்பரேஷன் தண்ணீர் வராத நாள். அவருடைய ஆள் ஒருவன் ஓடிப்போய்க் குழாயைத் திருகினான். ஒரு முறை இருமிவிட்டுக் காற்றுதான் வந்தது. "தண்ணி இல்லீங்களே அம்மா" என்றான்.

"தொட்டியில இருக்குது. மேல ஏறிப் பாத்துட்டு வா. நாலு குடம் இருக்கும்." பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள். "தண்ணி இருக்குதுங்க. நானும் ஒரு கொறையும் வெக்கல. குடிங்க."

 உன் பெரியப்பா மகன் "அக்கா, எளவு ஊட்டுல…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். முதலாளி தம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்தது, மாப்பிள்ளை. முகத்தைப் பார்த்தேன். புரியாதவன் குழம்புவான். அவர் குழம்பவில்லை, எழுந்துகொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் சந்தேகமானது. தொட்டிக்குள் ஓடாத பெட்ரோல் என்று ஒன்று உண்டு என்பது உனக்குத் தெரியாததா? பறக்கக் கற்ற முதல் மாதத்திலேயே அதைப் படித்திருப்பாய். தெரிந்தவன் எப்படி அதைக் கழிக்காமல் கிளம்பினாய்? உள்ளே முள் காட்டும் கருவியை நீ நம்புவதில்லை. குச்சி விட்டுப் பார்க்காமல் ஏறமாட்டேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். அப்படியானால் குச்சி என்ன சொன்னது? அந்தக் குச்சியை யார் செய்தார்கள்?

கேட்டுக்கொண்டே நஞ்சன்கூடு சாலையில் இருக்கிற அவர்களுடைய லாரி ஷெட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் பழனிச்சாமியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஒரு நாள் அச்சில் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா காலத்திலேயே மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். இவர் லாரி ஷெட்டில் சேர்ந்து மேலே வந்தவர். டிரைவர்கள் டீசலை வழியில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு லாரிக்கும் கோடு போட்ட குச்சி செய்து வைத்திருப்பவர். லாரி கிளம்பும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. குச்சி குறைத்துக் காட்டினால் டிரைவருக்கு வேலை போகும்.

முதலில் என்னைப் பார்த்ததும் சிலுப்பிக்கொண்டார். "என்ன சார், பேப்பர்ல எழுதி எங்க வவுத்துல மண்ணு போட வந்தீங்களா?"

"குச்சி யார் போட்டது, பழனி?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப? பிளேன் டேங்கு ஒழுகுதுன்னு எறக்கி ரிப்பேர் பண்ணாங்க. அப்ப கம்பெனிக் குச்சி ஒடஞ்சு போச்சு. ஐயா கூப்பிட்டு, பழனி, நம்ம லாரிக்குப் போடற மாதிரி ஒண்ணு போடுறா அப்படின்னாரு. போட்டேன்."

"எப்படிப் போட்டீர்கள்?"

அவருக்கு அதைச் சொல்வதில் ஒரு பெருமை வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேங்கு எலும்பு மாதிரி காஞ்சு கெடந்துது. லிட்டர் கேனை வெச்சு அஞ்சஞ்சு லிட்டரா ஊத்துனேன். ஒவ்வொரு ஊத்துக்கும் குச்சி விட்டு, நனைஞ்ச எடத்துல பிளேடால கோடு. ஒரு சொட்டு தப்பாது சார். யாரை வேணாக் கூட்டியாந்து அளந்து பாருங்க."

அளந்து பார்த்தார்கள், மாப்பிள்ளை. நேற்றைய செய்தி அதுதான். ஒரு சொட்டும் தப்பவில்லை. அந்தக் குச்சியில் பொய்யான கோடு ஒன்றுகூட இல்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அது சரியாகச் சொன்னது. அதில் எவ்வளவு உன் இன்ஜினுக்குப் போகும் என்பதை அது சொல்லவில்லை. கையேட்டின்படி போட்டிருந்தால், ஓடாத பெட்ரோலை முதலில் ஊற்றிவிட்டு, அங்கிருந்து பூஜ்யம் என்று தொடங்கியிருக்க வேண்டும். உடைந்துபோன பழைய குச்சி அப்படிப்பட்டது. நீ பழகியது அதில்.

பழனிச்சாமிக்கு அதைச் சொன்னேன். நம்பவில்லை. "லாரிக்கு ஆவுது, பிளேனுக்கு ஆவாதா? பெட்ரோல் பெட்ரோல்தான சார்?" என்றார்.

"லாரி நின்றால் ஓரம் கட்டலாம், பழனி."

அவர் பக்கத்துச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு லாரியின் நம்பர்.

நான் இங்கே பழனிச்சாமியின் மேல் கோபப்படவில்லை. தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர். வானத்தில் ஓடுகிற வண்டிக்கு லாரி ஷெட்டிலிருந்து அளவுகோல் செய்யச் சொன்னவர் மேல்தான் என் கோபம். ஏன் சொன்னார்? விமானத் தயாரிப்பாளர்களிடம் கேட்டால் புதுக் குச்சி வராதா? வரும். வருகிற வரைக்கும் விமானத்தை நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு உன்னையும் லாரி டிரைவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கத் தெரியும். பெட்ரோலைத் திருடுவான், வழியில் விற்பான் என்ற அதே கண்.

உன்னை "பிளேன் டிரைவர்" என்று விருந்தாளிகளுக்கு அறிமுகப்படுத்துவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். "விடு மச்சான், ஓட்டறதுதானே வேல" என்றாய். ஏன் சிரித்தாய்? அன்றைக்கு ஒரு நாள் நீ முறைத்திருந்தால்? அவருடைய லாரிகளுக்கு இருந்த சட்டமெல்லாம் உனக்கும் வந்தது. வெளியூரில் பெட்ரோல் போடக் கூடாது. பீப்பாயில் வருவதை இங்கேதான் போட வேண்டும். குச்சி காட்டுவதற்கு மேல் ஒரு சொட்டு கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய்.

குச்சி செய்த அந்த வாரம் நீ மைசூரில் இல்லை. ஹனூரில் குலதெய்வம் கோயிலில் இருந்தாய். உன் அக்கா மகள் நித்யாவை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி காது குத்தும்போது அவளைவிட அதிகமாக நீ கண்ணை மூடிக்கொண்டாய். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பதற்காகத்தான் ஒன்பது வயதுவரை அவள் காது மூளியாக இருந்தது. மாமன் மடி இல்லாமல் குத்த மாட்டேன் என்று சரோஜா ஒரே பிடியாக இருந்தாள். கடைசியில் தொட்டி ஒழுகியது, விமானம் நின்றது, உனக்கு லீவு கிடைத்தது.

நித்யா இதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். பெரியவர்கள் பேசுவது காதில் விழுந்திருக்கும். போன வாரம் கம்மலைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாள். "எனக்குக் காது குத்த வராம இருந்திருந்தா மாமா குச்சிய சரியாப் போட்டிருப்பாரு இல்லப்பா?" என்றாள். நான் இருபத்தைந்து வருடமாக மற்றவர்களைக் கேள்வி கேட்டுச் சம்பாதிக்கிறவன். ஒன்பது வயதுப் பெண் கேட்ட கேள்விக்கு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் வேறு கேட்கிறார்கள். "நின் மாமா பெட்ரோல் ஹாகோது மரெத்துபிட்ரா?" என்று கன்னடத்தில். உன் மாமா பெட்ரோல் போட மறந்துவிட்டாரா என்று. பிள்ளைகள் எங்கிருந்து கற்றுக்கொள்கின்றன? முதலாளியின் முதல் கதை இன்னும் பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கதை டீக்கடையில். உண்மை மட்டும் ஒரு கோப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைத்தான் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். உன் மேல் எனக்கிருக்கும் கோபமும் இதில் இருக்கிறது.

பழனிச்சாமி நம் வீட்டுக்கே வந்தார், நான் ஷெட்டுக்குப் போய் வந்த சில நாள் கழித்து. வாசலிலேயே நின்றார். சரோஜா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கு அவரு பெங்களூர்லேர்ந்து போன் பண்ணாரு சார். ஐயாவ எறக்கிவிட்டுட்டு, கெளம்பறதுக்கு முன்ன. 'பழனி, வானம் கருத்துக்கிட்டு இருக்கு. இங்க ஒரு இருபது லிட்டர் போட்டுக்கறேன், ஐயா கேட்டா சொல்லிடு'ன்னாரு. குச்சி எவ்ளோ காட்டுதுன்னேன். ரெண்டு பக்கமும் சேத்து நாப்பத்தஞ்சுன்னாரு."

"பிறகு?"

"நான்தான் சார்… 'நாப்பத்தஞ்சு இருக்குதே, இங்க வர இருபத்தஞ்சு போதுமே சார், அப்பறம் எதுக்கு? வெளிய போட்டா ஐயா என்னையில்ல திட்டுவாரு'ன்னேன். அவரு சிரிச்சாரு. 'சரி விடு பழனி, எனக்காக நீ எதுக்குத் திட்டு வாங்கற. வந்து டீ குடிப்போம்'னாரு. வெச்சுட்டாரு."

சொல்லி முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சரோஜாதான் போய்க் கையைப் பிடித்தாள்.

நாற்பத்தைந்தில் பதினைந்து ஓடாத பெட்ரோல். மீதி முப்பது. பெங்களூரிலிருந்து வர இருபத்தைந்து. இருபது லிட்டர் கையிருப்பு இருக்கிறது என்று நீ நினைத்தாய், இருந்தது ஐந்து. அந்த ஐந்திலும் பெரும்பகுதியை மேகத்தைச் சுற்றி வந்ததில் செலவழித்திருப்பாய். ஓடுபாதையில் மாடுகள் நின்றன. காவல்காரர் பார்த்திருக்கிறார். நீ தாழ்வாக வந்து, மாடுகளைப் பார்த்து, மூக்கைத் தூக்கி மறுபடி ஏறினாய். ஏறியபடியே சாய்ந்து திரும்பினாய். தொட்டியில் மிஞ்சியது மூலைக்கு ஓடியது. இன்ஜின் நின்றது. அப்போதும் ஊருக்குள் விழாமல் கேழ்வரகுக் காட்டில் இறக்கினாய். இறக்கைகள் முழுசாக இருந்தன. வரப்பு ஒன்று இல்லாமல் இருந்தால் எழுந்து நடந்து வந்திருப்பாய்.

இப்போது சொல், மாப்பிள்ளை. பழனிச்சாமி திட்டு வாங்கக் கூடாது என்றா விட்டாய்? பழனிச்சாமிக்கு ஒரு நாள் திட்டு விழுந்தால் என்ன? நான் வந்து சமாதானம் சொல்லியிருப்பேனே. நீ மூன்று வயதில் அம்மாவை இழந்தபோதிலிருந்து, யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று உன் அக்கா உனக்குச் சொல்லி வளர்த்தாள். அவள் இப்போது அதையே நினைத்து நினைத்து மாய்கிறாள். "அவனுக்கு சண்ட போடச் சொல்லித்தரலீங்களே" என்கிறாள். சோறு பிசையும்போது சொல்கிறாள். துணி மடிக்கும்போது சொல்கிறாள்.

புதுக் குச்சியைக் கையில் வாங்கியதும் உனக்குச் சந்தேகம் வந்ததா? வந்திருக்கும். "இது புக்குப்படி போட்டதா பழனி?" என்று ஒரு முறை கேட்டதாகப் பழனிச்சாமி சொன்னார். "ஒரு சொட்டு தப்பாது" என்று அவர் சொன்னாராம், நீ தலையாட்டினாயாம். அதற்குமேல் ஏன் கேட்கவில்லை? ஒரு நாள் விமானத்தை நிறுத்தி, தொட்டியை வடித்து, அளந்து பார்க்கிறேன் என்று முதலாளியிடம் போய் நிற்க உனக்குக் கூச்சமாக இருந்ததா? நின்றிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அதனால்தான் போகவில்லையா?

உன்னைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் உன் முதலாளியைக் கேட்கலாம். நான் கேட்டேன். எழுதிக் கேட்டேன், ஆள் மூலம் கேட்டேன், அலுவலக வாசலில் உட்கார்ந்து கேட்டேன். அளவுக்குச்சியை யார் செய்யச் சொன்னது? வெளியூரில் பெட்ரோல் போடக் கூடாது என்பது யாருடைய உத்தரவு? "விசாரணை நடக்கிறது, பேசக்கூடாது" என்று வரவேற்பறைப் பெண் சொன்னாள். விமானியின் கவனக்குறைவு என்று சொன்னபோது மட்டும் விசாரணை நடக்கவில்லையா?

கடைசியில் ஒரு நாள் காரில் ஏறும்போது நேராகவே மடக்கினேன். "நீங்கள் சொந்தக்காரர், உங்களுக்கு வருத்தம் இருக்கும்" என்றார். கார் கதவு சாத்துகிற நேரத்தில், "குச்சி சரியாகத்தான் காட்டியது" என்றார். அவருக்குத் தெரியாமல் அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான். குறித்துக்கொண்டேன்.

இனி மிச்சமிருப்பது இரண்டு. முதலாவது, பழனிச்சாமியின் வாக்குமூலம். போன் பேசியதை அவர் என்னிடம் சொன்னார், அதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். நான் அவரை வற்புறுத்தவில்லை. சரோஜாவும் வற்புறுத்தவில்லை. நேற்று மாலை அவரே நம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அதிகாரிக்குப் பேசிவிட்டு வந்தார். வரும் திங்கட்கிழமை பெங்களூருக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். "கூட வர்றீங்களா சார்? எனக்கு இங்கிலீஷ் ஆவாது" என்றார். காலை முதல் பஸ்ஸுக்கு நானும் போகிறேன். சரோஜா புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள். அந்த ஆளுக்கு அவள் சோறு கட்டுவதைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லமாட்டாய். சிரிப்பாய்.

இரண்டாவது, இறுதி அறிக்கை. தசராவுக்கு முன்னால் கையெழுத்தாகும் என்று அதிகாரி எதிர்பார்க்கிறார். குச்சியைப் பற்றிய வரி அதில் இருக்கும் என்று உறுதியாகச் சொன்னார். "விமானியின் கவனக்குறைவு" என்ற வரி இருக்குமா என்று இன்று காலை மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன்.  "திங்கட்கிழமை அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்" என்றார்.

அந்த வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் செய்யப்போவது இது, குமரேசா. அறிக்கையின் நகல் கைக்கு வந்த அன்றைக்கு, உன்னைப் பற்றி எங்கள் பத்திரிகை எந்தப் பக்கத்தில் எந்த அளவு எழுத்தில் போட்டதோ, அதே பக்கத்தில் அதே எழுத்தில் போடச் சொல்லிப் பெங்களூர் அலுவலகத்தில் போய் உட்காருவேன். கேள்விக்குறி இல்லாமல். போடவில்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்வேன். உனக்குச் சொல்லித்தராமல் விட்ட சண்டையை இந்த வீட்டில் யாராவது போட வேண்டும்.

பிறகு நித்யாவை உட்காரவைத்து அதைக் கன்னடத்தில் சொல்லிக் காட்டுவேன், அவளுக்கு அதில்தான் நன்றாகப் புரியும். அதற்குப் பிறகு சரோஜா அவள் காதில் கம்மலைத் திரும்பப் போட்டுவிடுவாள். துளை தூர்ந்து போகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகி வைத்திருக்கிறாள். தசரா வரைக்கும் தாங்கும்.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன் கோபக்கார மச்சான்